காலத்தை நிறுத்தி வைத்த கல்கத்தா டாக்டர்

1978-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 3-ந் தேதி. செப்டம்பர் கடைசியில் கொட்டிய பேய் மழையில் மூழ்கிய கல்கத்தா நகரம் அப்போதுதான் மெல்லத் தலை தூக்கிக் கொண்டிருந்தது. துர்கா பூஜை நெருங்கி விட்டது.

அன்று அந்த நகரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தத் தாய்க்குக் கருக்குழாய்கள் பழுது. இயற்கையாகக் கரு தரிக்க வழி இல்லை. அப்படிப்பட்டவருக்குப் பிறந்த அந்தக் குழந்தை, இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை. உலகில் இரண்டாவது.

பூஜைக் காலத்தில் பிறந்ததால் குழந்தையை "துர்கா" என்று அழைத்தார்கள்.

அதற்கு 70 நாட்களுக்கு முன்பு, ஜூலை 25-ந் தேதி, இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் என்ற முதல் சோதனைக் குழாய் குழந்தை பிறந்தது. அதற்குக் காரணமான இரண்டு விஞ்ஞானிகளை உலகமே கொண்டாடியது. அவர்களில் ஒருவரான ராபர்ட் எட்வர்ட்சுக்கு 2010-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

துர்காவைத் தந்த டாக்டருக்கு என்ன கிடைத்தது? விசாரணைக் கமிட்டி கிடைத்தது. இட மாறுதல் உத்தரவு கிடைத்தது.

அவர் பெயர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. முகோபாத்யாய் என்றும் சொல்வார்கள்.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

சுபாஷ் முகர்ஜி 1931-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி ஹசாரிபாக் நகரில் பிறந்தார். இன்று அது ஜார்க்கண்ட் மாநிலத்தில் இருக்கிறது. தகப்பனாரும் டாக்டர்தான்.

படிப்பில் சுபாஷ் கெட்டிக்காரர். 1949-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் உடல் இயங்கு இயல் படித்துப் பட்டம் பெற்றார். 1955-ல் கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தார்.

போர்டு மாட்டி டிஸ்பென்சரி வைத்தால் நாலு காசு சேர்த்திருக்கலாம். அவர் மனமோ ஆராய்ச்சியில் இருந்தது. பெண் ஏன் கரு தரிக்கிறாள், ஏன் தரிக்காமல் போகிறாள் என்ற கேள்வி அவரைப் பிடித்துக் கொண்டது. 1958-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முதல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1960-ல் நமிதாவை மணந்தார். நமிதா பள்ளி ஆசிரியை. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. பிறர் வீட்டில் தொட்டில் ஆட வேண்டும் என்பதற்காக இரவு பகல் பாராமல் உழைத்த அந்த மனிதரின் வீட்டில் தொட்டில் ஆடவில்லை.

பின்னர் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகருக்குச் சென்றார். அங்கே ஜான் லொரைன் என்ற பேராசிரியரின் கீழ் ஹார்மோன்களை அளக்கும் வித்தையைக் கற்றார். 1967-ல் இரண்டாவது டாக்டர் பட்டம் பெற்றார்.

அங்கேயே தங்கி இருக்கலாம். ஆனால் அந்த ஆண்டே கல்கத்தா திரும்பினார். என்.ஆர்.எஸ். மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் வேலையில் சேர்ந்தார்.

மூன்று பேர் கூட்டணி

பிறகு அவருக்குப் பாங்குராவில் உத்தியோகம். அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் உடல் இயங்கு இயல் பேராசிரியர். பாங்குரா, கல்கத்தாவில் இருந்து 200 கிலோ மீட்டருக்கு மேல். சம்பளம் ஓர் ஊரில், ஆராய்ச்சி இன்னோர் ஊரில் என்று வாழ்க்கை ஓடியது.

கல்கத்தாவில் அவருக்கு இரண்டு தோழர்கள் கிடைத்தார்கள். ஒருவர் சுனித் முகர்ஜி. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். உயிருள்ள பொருட்களைக் கடும் குளிரில் உறைய வைத்துப் பாதுகாக்கும் கலையில் வல்லவர். மற்றவர் டாக்டர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா. பெண்கள் நோய் மருத்துவர்.

பெரிய ஆய்வுக்கூடம் கிடையாது. அரசின் பண உதவி கிடையாது. கைக்குக் கிடைத்த கருவிகளை வைத்துக் கொண்டு மூவரும் இறங்கினார்கள்.

என்ன செய்தார்?

பெண்ணின் சினைப்பையில் சாதாரணமாக மாதத்துக்கு ஒரு கருமுட்டைதான் முதிரும். இங்கிலாந்து விஞ்ஞானிகள் அந்த ஒரு முட்டைக்காகக் காத்திருந்து எடுத்தார்கள். சுபாஷ் முகர்ஜி வேறு வழியில் போனார். ஹார்மோன் ஊசி போட்டார். ஒரே மாதத்தில் பல முட்டைகள் முதிர்ந்தன.

அந்த ஹார்மோன் மருந்தின் கதை விசித்திரமானது. மாதவிடாய் நின்று போன பெண்களின் சிறுநீரில் இருந்து அது எடுக்கப்பட்டது. வயதான பெண்ணின் சினைப்பை ஓய்ந்து விடுகிறது. ஆனால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஓய்வதில்லை. முட்டை கொடு, முட்டை கொடு என்று மேலும் மேலும் ஹார்மோனைச் சுரந்து தள்ளுகிறது. கேட்பார் இல்லாமல் அது சிறுநீரில் போய்ச் சேருகிறது. ஆரம்ப காலத்தில் இத்தாலி நாட்டில், வயதான கன்னியாஸ்திரீகளின் சிறுநீரைச் சேகரித்து இந்த மருந்தைத் தயாரித்தார்கள். பிள்ளை பெறாத மூதாட்டிகள், முகம் தெரியாத பெண்களுக்குப் பிள்ளை வரம் கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

முதிர்ந்த முட்டைகளை எடுத்தார்கள். கணவரின் உயிரணுவோடு கண்ணாடிக் கலத்தில் சேர்த்தார்கள். கரு உருவானது.

அதை உடனே தாயின் வயிற்றில் வைக்கவில்லை. ஊசி போட்ட மாதத்தில் கருப்பை கருவை ஏற்கும் பக்குவத்தில் இருக்காது என்று சுபாஷ் கணித்தார். எனவே கருவை உறைய வைத்தார்கள். திரவ நைட்ரஜனின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி. அந்தக் குளிரில் கரு வளராது, சாகாது. 53 நாட்கள் அப்படியே இருந்தது.

பிறகு, மருந்து எதுவும் கொடுக்காத ஒரு மாதத்தில், கருவை மெல்ல உருக்கி எடுத்துத் தாயின் கருப்பையில் வைத்தார்கள். கரு நிலைத்தது. 1978-ன் தொடக்கம் அது. லூயிஸ் பிரவுன் பிறந்த செய்தி பத்திரிகைகளில் வந்தபோது, கல்கத்தாத் தாய்க்கு ஏற்கனவே மாதங்கள் பல ஆகி இருந்தன. அடுத்தவரைப் பார்த்துச் செய்த வேலை அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

கமிட்டி முன்பு

1978 அக்டோபர் 19-ந் தேதி சுபாஷ் முகர்ஜியும் தோழர்களும் மேற்கு வங்காள அரசின் சுகாதாரத் துறைக்கு அறிக்கை கொடுத்தார்கள். இந்தியக் குளிர் இயல் பத்திரிகை ஒன்றிலும் சுருக்கமான கட்டுரை வெளிவந்தது.

பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தார். சந்தேகம் வந்தது.

குழந்தையின் குடும்பத்தார் தங்கள் பெயர் வெளியே தெரிவதை விரும்பவில்லை. கட்டுப்பாடான குடும்பம். ஊர் என்ன பேசுமோ என்ற அச்சம். அந்த ரகசியத்தை டாக்டர் காப்பாற்றினார். ஆனால் தாயையும் குழந்தையையும் கண் முன்னே நிறுத்தாத டாக்டரை நம்ப முடியாது என்றார்கள் எதிர்ப்பாளர்கள்.

நவம்பர் மாதம் அரசு ஒரு கமிட்டி அமைத்தது. தலைமை வகித்தவர் ரேடியோ இயற்பியல் நிபுணர். சோதனைக் குழாய் முறையில் கரு உண்டாக்கிப் பழகியவர் கமிட்டியில் ஒருவர்கூட இல்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் உலகிலேயே விரல் விட்டு எண்ணக் கூடியவர்கள்தான்.

விசாரணை நடந்தது. கேள்விகள் கேட்டார்கள். ஏளனமும் கலந்திருந்தது. முடிவில் சுபாஷ் முகர்ஜி சொல்வது பொய் என்று தீர்ப்பு எழுதினார்கள்.

1979-ல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் இருந்து அழைப்பு வந்தது. அங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தில் தன் முறையை விளக்க வேண்டும். செலவை அவர்களே ஏற்பார்கள். மேற்கு வங்காள அரசு அவருக்கு அனுமதி கொடுக்கவில்லை.

உலகத்தின் முன் நின்று தன் கட்சியைச் சொல்ல அவருக்கு இருந்த வாசலும் அடைபட்டது.

கடைசி மாறுதல்

1980-ல் அவருக்கு மாரடைப்பு வந்தது. பிறகு பாங்குராவில் இருந்து கல்கத்தா ஆர்.ஜி. கார் மருத்துவக் கல்லூரிக்கு மாற்றினார்கள்.

1981 ஜூன் மாதம் மீண்டும் ஒரு மாறுதல் உத்தரவு. இந்த முறை கண் மருத்துவ நிலையத்துக்கு. ஹார்மோனைத் தவிர வேறு எதையும் நினைக்காத ஆராய்ச்சியாளருக்குக் கண் ஆஸ்பத்திரியில் என்ன வேலை? அவருடைய ஆராய்ச்சிக்கு அந்த உத்தரவு முற்றுப்புள்ளி வைத்து விட்டது.

ஜூன் 19-ந் தேதி சுபாஷ் முகர்ஜி கல்கத்தா வீட்டில் தன் உயிரை மாய்த்துக் கொண்டார். அவருக்கு வயது 50. பள்ளிக்கூடத்தில் வேலை முடிந்து திரும்பிய நமிதாவுக்குக் காத்திருந்தது அந்தச் செய்திதான்.

இன்னும் சில ஆண்டுகள் இருந்திருந்தால் அவர் தன் கண்ணால் பார்த்திருப்பார். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை பிறந்தது. ஹார்மோன் ஊசி முறையில்தான். 1984-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், உறைய வைத்த கருவில் இருந்து ஒரு குழந்தை பிறந்தது. அதுதான் உலகில் முதல் என்று எழுதினார்கள். கல்கத்தாவில் அது 1978-லேயே நடந்து முடிந்த கதை.

பம்பாயில் இருந்து வந்த நீதி

1986 ஆகஸ்டு 6-ந் தேதி பம்பாய் பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் ஹர்ஷா என்ற பெண் குழந்தை பிறந்தது. டாக்டர் இந்திரா இந்துஜாவும் விஞ்ஞானி டி.சி.ஆனந்தகுமாரும் சேர்ந்து சாதித்தார்கள். இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை என்று நாடு முழுவதும் கொண்டாட்டம்.

1997-ல் ஆனந்தகுமார் கல்கத்தா சென்றார். சுபாஷ் முகர்ஜி கைப்பட எழுதி வைத்திருந்த குறிப்புகள் அவரிடம் வந்து சேர்ந்தன. அவற்றை வரி வரியாகப் படித்தார். துர்காவின் பெற்றோரையும் விசாரித்து அறிந்தார். சந்தேகம் தீர்ந்தது.

முதல்வர் என்ற பட்டம் தன்னிடம் இருந்தது. வாய் மூடி இருந்திருந்தால் கேட்பார் யாரும் இல்லை. ஆனால் ஆனந்தகுமார் அப்படிச் செய்யவில்லை. முதலில் சாதித்தவர் சுபாஷ் முகர்ஜிதான் என்று 1997-ல் "கரண்ட் சயன்ஸ்" என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதினார். தன் தலையில் இருந்த மகுடத்தைக் கழற்றி, இறந்து போன ஒரு மனிதரின் தலையில் வைத்தார்.

2003-ல், தனது 25-வது பிறந்த நாளையொட்டி, துர்கா வெளி உலகுக்கு வந்தார். தன்னைத் தந்த டாக்டரின் நினைவு விழாவில் கலந்து கொண்டார். 2005-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட விதிமுறைப் புத்தகத்தில் சுபாஷ் முகர்ஜியின் சாதனை இடம் பெற்றது. இறந்து 24 ஆண்டுகள் கழித்து அவர் சொன்னது உண்மை ஆயிற்று.

அவர் வாழ்க்கையைத் தழுவி வங்காள எழுத்தாளர் ரமாபத சவுத்ரி நாவல் எழுதினார். அதை வைத்து தபன் சின்ஹா 1990-ல் "ஏக் டாக்டர் கீ மௌத்" என்ற இந்திப் படம் எடுத்தார். படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது.

நாற்பதுக்கு மேல்

சுபாஷ் முகர்ஜி காட்டிய வழியில் இன்று உலகம் முழுவதும் லட்சக்கணக்கான குழந்தைகள் பிறந்திருக்கின்றன. கருவை உறைய வைப்பது சர்வ சாதாரணம். கருமுட்டையையே எடுத்து உறைய வைக்கிறார்கள்.

இதனால் ஒரு தவறான எண்ணமும் பரவி இருக்கிறது. எந்த வயதிலும் பிள்ளை பெறலாம், சோதனைக் குழாய் இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள்.

அந்த டாக்டர் நிறுத்தி வைத்தது கருவின் காலத்தை. பெண்ணின் காலத்தை நிறுத்த அவராலும் முடியவில்லை. இன்று எவராலும் முடியாது.

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பையில் 10 லட்சம் முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. பிறகு புதிதாக ஒன்று கூடச் சேர்வதில்லை. பூப்பெய்தும்போது சுமார் 3, 4 லட்சம் மிஞ்சும். 37 வயதில் சுமார் 25 ஆயிரம். வங்கியில் போடாமல் எடுத்துக் கொண்டே இருக்கும் கணக்கு அது.

எண்ணிக்கை குறைவதோடு தரமும் குறைகிறது. 30 வயதுள்ள ஆரோக்கியமான பெண், ஒரு மாத முயற்சியில் கரு தரிக்க நூற்றுக்கு 20 வாய்ப்பு உண்டு. 40 வயதில் அது நூற்றுக்கு 5-க்கும் கீழே. கரு தரித்தாலும் கலைந்து போகும் ஆபத்து வயதோடு ஏறுகிறது. மூளை வளர்ச்சிக் குறையான டவுன் நோய், 25 வயதுத் தாய்மாருக்குச் சுமார் 1,250 பிரசவத்தில் ஒன்று. 40 வயதில் சுமார் 100-ல் ஒன்று. தாய்க்கு ரத்தக் கொதிப்பு, சர்க்கரை தொல்லைகளும் கூடுகின்றன.

எங்கள் பாட்டி 44 வயதில் பெற்றாளே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் அது பாட்டிக்கு எட்டாவதோ பத்தாவதோ பிள்ளை. ஒன்றுமே பிறக்காமல் நாற்பதைத் தொட்ட பெண்ணின் கதை வேறு.

சோதனைக் குழாய் முறையும் பழைய முட்டையைப் புதிதாக்கித் தராது. 43, 44 வயதுக்கு மேல் சொந்த முட்டையில் வெற்றி மிக அரிது. அந்த வயதில் பிள்ளை பெறும் பெண்களில் பலருக்கு இளம்பெண் ஒருத்தி தானமாகக் கொடுத்த முட்டையோ, இளமையில் எடுத்து உறைய வைத்த முட்டையோதான் கை கொடுக்கிறது. கருப்பைக்கு வயது அத்தனை முக்கியம் இல்லை. முட்டையின் வயதுதான் முக்கியம்.

2021-ல் வந்த சட்டப்படி, இந்தியாவில் இந்தச் சிகிச்சைக்குப் பெண்ணின் வயது 50-க்குள் இருக்க வேண்டும். ஆணுக்கு 55. எழுபது வயதிலும் பெறலாம் என்று ஆசை காட்டும் விளம்பரங்களை நம்பிப் பணத்தைத் தொலைக்கக் கூடாது.

தள்ளிப் போடலாமா?

பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்த குடும்பங்களில் ஆண்டுகள் ஓடுவது தெரிவதில்லை. கணவன் இங்கே, மனைவி ஊரில். வருடத்துக்கு ஒரு முறை 20 நாள் லீவு. தங்கைக்குக் கல்யாணம், வீட்டுக்கு அட்வான்ஸ், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போடுகிறார்கள். விழித்துப் பார்க்கும்போது மனைவிக்கு நாற்பது.

அதற்குள் ஊரில் அவளுக்கு மலடி என்று பெயர் வந்து விடுகிறது. பிள்ளை இல்லாத தம்பதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆண் பக்கத்திலும் குறை இருக்கிறது. ஆணுக்குச் செய்யும் முதல் சோதனை எளிது. செலவும் குறைவு. ஆனால் பல வீடுகளில் அந்தச் சோதனைக்கு முன்பே மனைவியை ஏழெட்டு ஆண்டுகள் கோவில் குளம் என்று அலைய விட்டு விடுகிறார்கள்.

டாக்டர்கள் சொல்லும் கணக்கு இதுதான். மனைவிக்கு 35 வயதுக்குள் என்றால், சேர்ந்து வாழ்ந்து ஓராண்டு ஆகியும் கரு தங்காவிட்டால் இருவரும் போய்ப் பார்க்க வேண்டும். 35-க்கு மேல் என்றால் ஆறு மாதம். 40 ஆகி விட்டால் காத்திருக்கவே கூடாது. சாமி கும்பிடுவதை நிறுத்த வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப் போட வேண்டாம்.

போய்ப் பார்த்தும் பிள்ளை இல்லை என்றால் அது யாருடைய குற்றமும் அல்ல. சட்டப்படி தத்து எடுக்கும் வழி இருக்கிறது. பிள்ளை இல்லாமலே நிறைவாக வாழ்பவர்களும் இருக்கிறார்கள்.

கல்கத்தா டாக்டர் ஒரு கருவை 53 நாட்கள் காத்து வைத்தார். நாடு அவரைப் புரிந்து கொள்ள 20 ஆண்டுகள் எடுத்துக் கொண்டது. அவருக்கு அது தாமதமாகி விட்டது. பிள்ளை வேண்டும் என்று ஏங்கும் தம்பதிகளாவது தாமதம் செய்யாமல் இருந்தால், டாக்டர் சுபாஷ் முகர்ஜி பட்ட பாட்டுக்கு அதுவே பலன்.